கொல்லைக் குட்டை விரால்

எங்க வீட்டுக்காரருக்கு முலாம் பூசுகிற வேலை. தூத்துக்குடியிலும் கரையோரத்து ஊர்களிலும் இருக்கிற மாதா கோயில் கிரீடம், சுரூபத்தின் தலைக்குப் பின்னால் நிற்கிற ஒளிவட்டம், பூசைப் பாத்திரம் எல்லாம் எங்க வீட்டுப் பின்கட்டில்தான் பொன்னாகும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துச் செம்பின் மேல் தடவி, கரி அடுப்பில் காட்டினால் பாதரசம் புகையாய்ப் போய்விடும், தங்கம் நிற்கும். புகை கெட்டது என்று அவருக்குத் தெரியும். காற்று வாக்குப் பார்த்துத்தான் உட்காருவார், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்வார். கழுவின தண்ணீர் கொல்லைக் குட்டையில் போய் விழும். தண்ணீரைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் குட்டையில் விரால் கிடந்தது. அவர் ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துக்காரர். ஊரிலிருந்து பானையில் குஞ்சு கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். நான் மணப்பாட்டுக்காரி. குளத்து மீனை நாங்க மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "சேத்தைக் குழம்பு வச்சுத் தாரேன், உண்ணுங்க" என்பேன். "போளா, உங்க கடல் மீனு உப்புல ஊறுன விறகு" என்பார். எங்களுக்குள் இருந்த சண்டை இது ஒன்றுதான் என்று சொன்னால் பொய். விடாமல் நடந்த சண்டை இதுதான்.

யுத்த காலத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பூச்சு திட்டுத் திட்டாக விழுந்தது. கள்ளுக்கடைப் பக்கம் போகிறாரோ என்று தெருவில் பேசினார்கள். ஒரு சொட்டு குடிக்காத மனுஷன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவையே கிழித்துப் போட்டேன். வீட்டுக்குள் வந்து அழுதேன். அந்தக் கை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"ஏளா, இந்தக் கை நிக்குமா?" என்று கேட்டார்.

"அடுப்பை மூடுங்க, நிக்கும்" என்றேன்.

மூடினார். வைத்தியரும் அதையேதான் சொன்னார். புகை குடித்த உடம்பு, விரால் குழம்பு கொடுத்தால் தேறும் என்றும் சொன்னார். எங்க வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

சரி, மருந்து என்று ஆகிவிட்டது. எங்க ஊரில் மீனைச் சோதிக்கச் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் நல்ல மீன், வெளுத்திருந்தால் வீச வேண்டியது. பிறந்ததிலிருந்து இதில் நான் ஏமாந்ததே இல்லை. குட்டை விராலுக்குச் செவுள் செம்பருத்திப் பூ மாதிரி இருக்கும். இருக்கிறதிலேயே பெரிய மீனாகப் பார்த்துத்தான் எடுப்பேன். நான் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. என்னைக் காப்பாற்றியது என் வாய்க்கொழுப்பு.

அடுப்பு அணைந்து மாதக்கணக்காயிற்று. நடுக்கம் கூடத்தான் செய்தது. கால் தடுமாறியது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குட்டை வற்றி வெடித்துவிட்டது, விரால் போன இடம் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எங்க கடல் பொடிமீன், நெத்திலியும் சாளையும் ஆக்கிப் போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட நடுக்கம் மெல்லக் குறைந்தது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். மணப்பாட்டுச் சிலுவைக்கு நான் நேர்ந்திருந்தபடி, வெள்ளியில் ஒரு கை செய்து அவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ரெண்டு பேரும் சிலுவைக்கு நன்றி சொன்னோம். சாளைக்கு யாரும் சொல்லவில்லை.

பாதரசம் தண்ணீரோடு போய்விடாது, சேற்றில் தங்கி மீனுக்குள் ஏறும், மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற பெரிய மீனில்தான் அதிகம், செவுளைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாது என்று பல வருஷம் கழித்துப் பத்திரிகையில் படித்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது.

மழை பொய்த்ததற்கு அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. குட்டை நிறைந்தது. சேற்றுக்குள் புதைந்து கிடந்த விரால் வெளியே வந்துவிட்டது.

"கண்டியா, எம் மீனு சாவாது!" என்று கத்தினார். இறங்கி, நடுங்காத கையால் அவரே ஒன்றைப் பிடித்தார். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் கிண்டல்கூடப் பண்ணவில்லை. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, வாய்க்கு ருசியாக வைத்துக் கொடுத்தேன். உடம்பு தேறி வருகிற நேரம், விடக்கூடாது என்று தொடர்ந்து கொடுத்தேன்.

நடுக்கம் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. "வெள்ளிக் கையைக் கொஞ்சம் பெருசாச் செஞ்சு வச்சிருக்கலாமே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளோடு இரண்டு வருஷம் நான் பேசவில்லை.

சோற்றை அள்ளினால் அது வாய்க்கு வந்து சேராது, மடியில் சிந்தும். அதனால் நானே ஊட்டினேன். முதலில் வெட்கப்பட்டார், பிறகு குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார். முள் ஏதும் தொண்டையில் சிக்கிவிடக்கூடாதே என்று பயந்து, விரால் சதையை விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் வாயில் வைப்பேன். போதும் என்று தலையை ஆட்டுவார். "எனக்காக, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினால் வாங்கிக்கொள்வார்.