ஆற்றுவாய் வெட்டிய அன்று

மட்டக்களப்பில் பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய் இயற்கையைக் காட்டுவதென்றால், அந்தக் காலத்தில் முதலில் எங்கே போகக்கூடாது என்றுதான் பார்க்கவேண்டும். நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பறவை பார்க்கும் கூட்டம் ஒன்றை நடத்தினேன். கோடையில் கரடியனாற்றுக் காட்டோரம், மாரியில் வாவிக்கரை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தோம். சுனாமிக்குப் பிறகு பிள்ளையைக் கடற்கரைக்கு விட எந்தத் தாய்க்கும் மனமில்லை. சண்டை மறுபடி தொடங்கியதும் கரடியனாறும் இல்லையென்றாயிற்று. மிஞ்சியது வாவி மட்டும்.

கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான். பறவைக்குக் கிட்டப் போனால் வாய் திறக்கக்கூடாது. தும்மினாலும் முறைப்பேன். பிள்ளைகள் எனக்கு 'உஷ் டீச்சர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த மாரியில் ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். வாகரையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து, தாயோடு தன்னாமுனைப் பக்கம் ஒரு முகாமில் இருந்தவள். பள்ளி முற்றத்தில் நின்றபடியே, உயரத்தில் போவது கொக்கா நாரையா என்று இறக்கை அடிப்பதை வைத்துச் சொல்லிவிடுவாள். தண்ணீருக்குக் கிட்ட மட்டும் வரமாட்டாள். சுனாமி அன்று முதலில் வந்த தண்ணீர் அவர்கள் பக்கம் முழங்காலளவுதானாம். பிறகு கடல் உள்வாங்கி, வெறும் நிலத்தில் மீன் துடித்திருக்கிறது. அதைப் பொறுக்க ஓடிய தம்பி திரும்பி வரவில்லை.

"கிணத்தடிக்கும் போகாள் டீச்சர். ஒருக்கா வாவிக்கரைக்குக் கூட்டிப் போங்களன். எல்லாத் தண்ணியும் கடல் மாதிரிப் பாயாதெண்டு அவள்ட கண்ணுக்குத் தெரியட்டும்" என்றாள் தாய். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

மாரி வெள்ளம் வாவியை நிரப்பி வயல் வட்டைகளுக்குள் ஏறினால் இளம் நெல் அழுகிவிடும். அப்போது வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். வெட்டியதும் வாவி கடலுக்கு ஓடும், கரையில் சேறு தெரியும், சேற்றில் மீன் அகப்படும், கண்காணாத பறவையெல்லாம் வந்து கூடும். பறவை பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்றைக்கு அவளையும் கூட்டிப் போனேன். ஏன் தண்ணீர் வற்றும் என்று வழியிலேயே விளங்கப்படுத்தினேன். "தெரியும் டீச்சர்" என்றாள்.

முதலில் தூரத்தில், கவிழ்த்துப் போட்ட தோணியில் இருந்தாள். கூழைக்கடாக்கள் இறங்கியதும் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் ஒதுங்க ஒதுங்கச் சேறு தெரிந்தது. அவள் காலுக்குக் கிட்ட ஒரு மீன் துள்ளியது.

"ஓடுங்க! தண்ணி உள்ளுக்குப் போகுது! ஓடுங்க!"

அவள் கத்தியதும் ஓடினோம். காலையில் தங்கள் கையாலேயே மணலை வெட்டியவர்கள் வலையையும் மண்வெட்டியையும் எறிந்துவிட்டு ஓடினார்கள். அகப்பட்ட இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன். கரைக்கு மேலே ஆமியின் காவலரண் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் காவலரணுக்கு முன்னால் யாரும் ஓடுவதில்லை, ஓடினால் சுடுவார்கள். அந்த நினைப்பு வந்தும் கால் நிற்கவில்லை. பார்த்தால், காவலரணில் நின்ற ஆமிக்காரப் பொடியன்கள் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காலில் சப்பாத்து இல்லை. அவர்களுக்கு எங்கள் பாஷை தெரியாது.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. வாவி தன்பாட்டில் வடிந்துகொண்டிருந்தது.

"நாங்கதானே வெட்டினது" என்று சொல்லி ஒருவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஆமிக்காரர்கள் எங்கள் முகத்தைப் பாராமல் இறங்கிப் போனார்கள். பறவை ஒன்றுகூட மிச்சமில்லை.

அவள் நிலத்தில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒண்டும் நடக்கல்ல புள்ள. பயப்படாத."

"இண்டைக்குச் சத்தம் வந்திச்சு டீச்சர். நான் கத்தினதும் எல்லாரும் ஓடி வந்தீங்க" என்றாள். சேற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "அண்டைக்கு அவன் மீன் பொறுக்கப் போகக்குள்ள நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன். கூப்பிட வாயைத் திறந்தன். சத்தம் வரல்ல."

நானும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள்தான். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குமேல் என்னால் ஒன்றும் ஏலவில்லை.

அடுத்த மாரி வருமுன் முகாமில் இருந்தவர்களைத் திரும்ப வாகரைக்கு அனுப்பினார்கள். தாய் மட்டும் சொல்லிவிட்டுப் போக வந்தாள். அதே கடற்கரைக்கு மகளைக் கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அவர்களுக்கு வேறு இடமும் இல்லை.

பிறகு போர் முழுதாக முடிந்தது. பாதைகள் திறந்தன. கோடையில் மறுபடி பஸ் பிடித்துக் கரடியனாற்றுக்குப் போகிறோம். பிள்ளைகள் கத்துகிற கத்தில், நாங்கள் இறங்குமுன்பே பறவைகள் எழும்பிப் போய்விடுகின்றன. கூட வரும் இளம் ஆசிரியர் ஒவ்வொரு முறையும், "சத்தம் போடாதீங்க எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்களன் டீச்சர்" என்கிறார். அது மட்டும் எனக்கு வாயில் வருவதில்லை.