மரை வந்த வழி

நமுனுகுல மலையடியில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ரெங்கம்மாவை வாய்க்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் இருந்ததால்தானே பிழைத்தாள்! பகலில் கொழுந்து பறிப்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது சுட்ட காட்டுப்பன்றி விழாமல் ஓடிவிட்டால், தடம் பார்த்துத் தேட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூலி ஒரு தொடை இறைச்சி. இருபது வருஷத்தில் அவள் தவறவிட்டது இரண்டோ மூன்றோதான்.

போன மாசம் ஒருநாள், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடையில் ஒரு பெண் மரைமான் செத்துக் கிடந்தது. தோட்டத்தை நடத்தும் துரை உடனே வனஜீவி அதிகாரி மபாஸை வரவழைத்துவிட்டார். "இவன் மரக்கறிப் பாத்திக்குக் கட்டுத்துவக்கு வச்சிருக்கான், கம்பியில கால் பட்டா தானா வெடிக்கும். அதுல பட்டு செத்ததுதான்," என்று ரெங்கம்மாவின் புருஷன் சிவஞானத்தைக் காட்டினார். மரையைக் கொன்றால் மறியல், சிறைதான். வேலையும் போகும், குடியிருக்கிற லயக் காம்பராவும் போகும். சிவஞானம் தலைகுனிந்து நின்றான். செய்யாத குற்றத்துக்கும் தலைகுனிகிற மனுஷன் அவன்.

ரெங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று ஓடைக்குள் இறங்கினாள்.

"எங்ககிட்ட ஏதுங்கய்யா துவக்கு? தகரத்தத் தட்டித்தான் பன்னி வெரட்டுறோம். கட்டுத்துவக்குன்னா பன்னி உசரத்துக்குக் கட்டுவாங்க. மரை மாட்டுனா கால்தான் ஒடையும். இதப் பாருங்க."

முதுகெலும்புக்குச் சற்றுக் கீழே, கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு துளை. நாலு பேர் பிடித்துப் புரட்டினார்கள். மறுபக்கம் அடிவயிறு கிழிந்திருந்தது.

"மேல இருந்து எறங்குன குண்டு. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுல பட்டிருந்தா கொஞ்ச தூரத்துலயே விழுந்திருக்கும். சுடத் தெரியாதவன் வயித்துல சுட்டிருக்கான். தண்ணி தேடி எறங்கி வந்திருக்கு, பாவம்."

"நீ என்ன டாக்டரா?" என்றார் துரை.

"இல்லீங்க தொர. ஆனா எங்க இருந்து வந்திச்சுன்னு காட்டுவேன். வாங்க."

அடிபட்ட மிருகம் போன வழியில்தான் எல்லோரும் தேடுவார்கள். இவள் அது வந்த வழியில் ஏறினாள். தேயிலை இலைகளில் ரத்தத் துளி எந்தப் பக்கம் கூராகத் தெறித்திருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள். ரத்தத்தோடு அரைகுறையாய் மென்ற பச்சைப்புல்லும் சிந்திக் கிடந்தது. துரையின் பங்களா வேலிக்குக் கீழே துளிகள் நின்றுபோயின.

"பாத்தீங்களா, ஒண்ணுமில்ல! போதும், போங்க!" என்று துரை கத்தினார்.

"பட்ட ஒடனே ரத்தம் வடியாதுங்க. கொஞ்சம் ஓடணும்." வேலி இடைவெளியில், பாய்ந்து ஓடியதில் குளம்பு விரிந்து ஆழப் பதிந்த தடத்தை மபாஸுக்குக் காட்டினாள்.

வேலைக்காரர்கள் அந்தப் பங்களாவுக்குள் பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கமாகத்தான் போகவேண்டும். ரெங்கம்மா முன்கேட்டைத் தள்ளிக்கொண்டு, சேற்றுச் செருப்போடு, புல்தரையை மிதித்துப் போனாள். அடடா, அந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! ரோசாப் பாத்தியோரம் குனிந்தாள். குண்டு வெட்டிப் போட்ட பழுப்பு மயிர் ஒரு பிடி கிடந்தது. நேர் மேலே துரையின் மாடி விறாந்தை.

மபாஸ் மயிரைக் கடதாசியில் மடித்தார். "சிவஞானம் வேலைக்குப் போகட்டும். நீங்க துவக்கைக் கொண்டு வாங்க," என்றார் துரையிடம்.

துரை ரெங்கம்மா பக்கம் குரலைத் தாழ்த்தினார். "ஒம் புருஷனுக்கு வாட்ச்சர் வேல போட்டுத் தாறேன். நாந்தான் ஏதோ தப்பா சொல்லிட்டேன்னு அதிகாரிகிட்ட நீ சொல்லிடு."

"ஒங்க வேலைய நீங்களே வச்சுக்குங்க தொர!" லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "வயிறு கிழிஞ்சு ராத்திரி பூரா துடிச்சிருக்கு. சுட்டவன் பின்னாலயே போயி அத முடிச்சிருக்கணும். அதுக்குத் துப்பில்ல, எம் புருஷன் தலையில கட்ட மட்டும் தெரியுதா?"