தாழ்ப்பாள் கழற்றிய வீடு

சுனாமிக்கு அடுத்த வருடம், நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, கடலூரிலிருந்து அத்தையின் மகளை அப்பா பஸ்ஸில் அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்தார். அவளுக்கு ஆறு வயது இருக்கும். அத்தை இறந்து வெகுநாளாகியிருந்தது. "அங்க அவள சரியா பாத்துக்கல. இனிமே நம்ம வூட்டுலதான் இருப்பா" என்றதோடு அப்பாவும் அம்மாவும் என்னிடம் பேச்சை முடித்துக்கொண்டார்கள். அவளைப் பாப்பா என்று கூப்பிட்டோம்.

பாப்பா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பெயரைக் கேட்டால் பஸ் கண்டக்டர் கூவியதை அதே குரலில் சொல்வாள்: "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம்லாம் எறங்கு!" கடலைப் பார்த்து மிரண்ட பிள்ளை என்று தெருவில் பரிதாபப்பட்டார்கள். கடல் அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அப்பா சொன்னதும் எனக்கு இன்னும் குழம்பிப்போனது. பிறகு எதைக் கண்டு மிரண்டாள்?

அவள் வந்தபின் எங்கள் வீட்டுச் சட்டங்களே எனக்குப் பிடிபடவில்லை. நான் இட்லியை மிச்சம் வைத்தால் திட்டு விழும். அவள் இட்லியைத் தலையணைக்கடியில் ஒளித்து எறும்பு மொய்க்கவிட்டபோது, அம்மா ஒரு டப்பாவில் முறுக்கைப் போட்டு அவள் பாயருகே வைத்தாள். "இது உன்னுது பாப்பா. எப்ப வேணா எடுத்துக்கலாம்." மிக்சி போடும் முன்பு அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவாள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "ஆட்டிசம்ங்கறாங்க. அது பொறவியிலயே உள்ளதாம். இந்தப் பயமெல்லாம் அந்த வூட்டுல வந்தது. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கவே நாளாவுமாம்." எனக்குப் பிரித்துப் பார்க்க ஒன்றுமிருக்கவில்லை. வெறும் அடம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆனித் தேருக்குப் பெரிய மாமா திட்டக்குடியிலிருந்து வந்தார். அம்மாவின் அண்ணன். அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். பால் வாங்கப் போன அம்மா கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். தெருவில் மேளச் சத்தம் நெருங்க நெருங்க, பாப்பா காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். மாமா அவளைத் தூக்கி உள்ளறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

"செல்லம் ஜாஸ்தியாப் போச்சு. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

கதவை அறைகிற சத்தம் கேட்டது. அழுகை கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "பாத்தியாம்மா? இவ்ளோதான் வைத்தியம்" என்றார் மாமா என்னிடம். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

அம்மா வந்து கதவைத் திறந்தாள். பாப்பா சுவரோரம் நனைந்த கவுனோடு, இமைகூட ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் தொடவில்லை. கதவு மூடாதபடி நிலைப்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "கதவு தொறந்திருக்கு பாப்பா. நான் எங்கயும் போவல" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தேர் எங்கள் தெருவைத் தாண்டிப் போயிற்று. எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

"அவ சத்தம் நின்னு போச்சே, அப்புறம் நீ ஏன் அழுவுற?" என்று என்னைக் கேட்டார் மாமா.

அம்மாதான் பதில் சொன்னாள்: "அண்ணே, அந்த வூட்டுலயும் இப்படித்தான் பூட்டி வெச்சிருந்தாங்க. அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு இதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் நிறுத்திக்கிச்சு."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "எனக்கு யாரு சொன்னா?" என்றார் சின்னக் குரலில்.

பாப்பா தானாக எழுந்து வந்தபின், அம்மா ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றத் தொடங்கினாள். துருப்பிடித்த திருகு அசையவில்லை. மாமா அதை அவள் கையிலிருந்து வாங்கி, வாசற்கதவைத் தவிர எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாள்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். குளியலறைக்கு வந்ததும், "இதுவுமா?" என்று திரும்பிப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து, உள்ளே ஆளிருப்பதைத் தெரிவிக்க அப்பா பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பாட வராது.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வேறு யாரும் சாத்தவில்லை, பாப்பாவே உள்ளிருந்து சாத்தியிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னதும், அம்மா ஈரக்கையோடு வந்து கதவை லேசாகத் தட்டினாள்.

"பாப்பா, நான் உள்ள வரவா?"

உள்ளிருந்து யார் குரலையும் போல இல்லாத ஒரு குரல் கேட்டது: "வேணாம். அப்புறம் வா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்படிச் சொல்லியிருந்தால் முதுகில் விழுந்திருக்கும். அவளுக்கோ, அம்மா அடுப்பைப் பற்றவைத்துப் பாயசம் கிண்டினாள்.

இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். அம்மா முந்திரியை வறுத்துக்கொண்டே இருந்தாள். நான் போய்க் காலண்டரைப் பார்த்தேன். அன்றைய தேதியில் ஒரு விசேஷமும் போட்டிருக்கவில்லை.