முன்கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எழுதிப் பழகாதவன் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவின் கோலா கங்சார் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் முன் நிற்கிறோம். மச்சானின் மின்சாரக் காருக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது. கார் தானாக ஓடும் வசதி இன்று மட்டும் இலவசம். ஈப்போவுக்குக் கையைக் கட்டிக்கொண்டே வந்து காட்டுவதாகச் சம்பந்தியிடம் சவால் விட்டிருக்கிறார். புது வசதிக்கும் பூசை போட வேண்டுமாம்.

பூசாரி முன்கண்ணாடியின் உச்சியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைக்கிறார். கேமரா இருப்பது அதற்கு நேர் பின்னால். பாதை தெரியவில்லை என்கிறது காரின் திரை. கார் அசைய மறுக்கிறது.

மச்சான் கைக்குட்டையை எடுக்கிறார். பூசாரி தடுக்கிறார். "வச்ச பொட்ட அழிக்கக் கூடாதுலா அண்ணே! முனியாண்டி சும்மா விடமாட்டாரு."

"அதுக்குக் கண்ணே அதான் சாமி!"

"நெத்தின்னுல்ல நெனச்சேன்."

சற்று யோசித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மணியடித்தபடி கண்ணாடியில் ஊற்றுகிறார். "அபிஷேகத்துல போனா குத்தமில்ல."

சந்தனம் வழிந்து இறங்குகிறது. மச்சான் கையைக் கட்டிக்கொள்கிறார். கார் தானாகப் புறப்படுகிறது.

மறுநாள் திரை சந்தா கட்டச் சொன்னது. திரும்பும்போது மச்சானே ஓட்டினார்.