சேர்ந்து வாழ்கிறார்களா, பார்த்து வா!

கல்யாணம் நிஜமா என்று வீடு தேடிப் போய்க் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். நம்மூர்க்காரரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டவர் விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டால், போர்ட் பிளேரில் அவர்கள் கதவைத் தட்டுகிற ஏட்டம்மா. விசாரணை என்று வந்து நின்றவர்களுக்கு நீங்களும் கதவு திறந்திருப்பீர்கள். படபடப்பு உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், வெளியே நிற்கிற எங்களுக்கும் உண்டு!

அவரு பேரு

பத்துபஸ்தியில் என் முதல் விசாரணை. முக்குளிப்புச் சொல்லிக்கொடுக்க வந்த போலந்துப் பெண் சோஃபியா, படகோட்டி முருகேசனைக் கட்டியிருந்தாள். "கணவர் பெயர்?" என்று ஆரம்பித்தேன். முகம் சிவந்தது. "அவரு" என்றாள். "அவரு பேரு?" தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. முதல் நாளே பொய்க் கல்யாணம் ஒன்றைப் பிடித்துவிட்டேன்!

"சரி, மாமியார் பெயர்?" "அத்தை." "அத்தை பேரு என்னம்மா?" "அத்தைதான்!" என்று கண் கலங்கினாள். உள்ளேயிருந்து ஈரக் கையோடு மாமியார் வந்தார். "புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு நான்தாம்மா பழக்கி வச்சிருக்கேன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவ எனக்கு என்ன மருமக?"

எது வெளிநாடு?

டெலானிப்பூரில் ஒரு வீடு. ஐந்து தலைமுறையாகத் தீவிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். மருமகள் இலங்கைக்காரி என்று ஃபைலில் இருந்தது. வாசலில் நின்ற பெண்ணிடம் தமிழில் கேட்டேன், திருதிருவென்று விழித்தாள். அடுப்படியிலிருந்து ஒருத்தி, "வாங்கோ அக்கா, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். சரி, தமிழ் பேசுகிற இவள்தான் இந்த வீட்டில் பிறந்தவள் என்று முடிவு கட்டி, தமிழ் தெரியாதவளிடம் கையை நீட்டிப் பாஸ்போர்ட் கேட்டேன்.

அவள் இந்தியில் வெடித்தாள். "மேடம், நான் பொறந்ததே இந்த வீட்லதான்! ஃபாரின்காரி அதோ ரசம் தாளிக்கிறா, அவகிட்ட போய்க் கேளுங்க!"

வெள்ளிக்கிழமைக் கப்பல்

ஷாதிபூர் ரீனாவின் ஃபைல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தோனேசியப் பெண். கணவன் செல்வம் கார் நிக்கோபாரில் மின்சார லைன்மேன். அது பழங்குடிகளின் தீவு, வெளிநாட்டுக்காரர் அங்கே போய்த் தங்க முடியாது. அதனால் இவள் இங்கே வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாவோ, "புருஷனா? நான் பார்த்ததே இல்லையே!" என்று சொல்லிவிட்டார். "புருஷன் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு, சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எழுதுவாயா?" என்றார் எங்கள் இன்ஸ்பெக்டர். வெள்ளி மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். பாதகமாகப் போனால் ரீனா ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதுதான். செல்வம் லீவு போட்டுவிட்டான். ஆனால் கடல் கொந்தளிப்பில் கப்பல் இரண்டு நாளாகக் கிளம்பவில்லை.

வெள்ளி மதியம் மூன்று மணிக்கு ரீனாவின் போன். "தீதி, ஜகாஜ் ஆ கயா! கப்பல் வந்துடுச்சு!" ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு ஹேடோ கப்பல் துறைக்குப் பறந்தேன். ஏணிப்படியில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தோம். கடைசிக்கு முந்தின ஆளாகச் செல்வம், தோளில் தேங்காய் மூட்டையோடு, தள்ளாடிக்கொண்டு வந்தான். கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், "போன் எதுக்கு வச்சிருக்க? ஒரு மெசேஜ் போட முடியாதா?" என்று துறை நடுவிலேயே சண்டை பிடித்தாள். அவன் சிரித்தான், அதன் பிறகுதான் அவள் அழுதாள். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

ஐந்து மணிக்கு, தேங்காய் மூட்டையோடு, மூவரும் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றோம். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாழ்றீங்களா?" என்று கேட்டார். செல்வம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சாப், என்னைப் போர்ட் பிளேருக்கு மாத்துங்கன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன், சேர்ந்து வாழ நாங்க ரெடி, கவர்மென்ட் ரெடியான்னு கேட்டுச் சொல்லுங்க!"

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்; ஆனாலும் இதே கேள்விகளோடு யாராவது என் வீட்டுக் கதவைத் தட்டினால், எங்கள் வீட்டுக்காரர் சொல்லப்போகும் தப்புத் தப்பான பதில்களுக்கு என்னைத்தான் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள்.