பள்ளிமுனை வகுப்பில் ஒரு வெறுந்தாள்

இன்று பள்ளிமுனை மீனவ கிராமத்தில் இளைஞர்களுக்கு வாழ்க்கை வழிகாட்டல் வகுப்பு நடத்தினேன். ஐந்து வருடத்தில் எப்படி இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னேன்.

பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வெறுந்தாளைத் தந்தாள்.

“ஏனம்மா ஒண்டும் எழுதேல்லை?”

“அப்பா கடலுக்குப் போய் மூண்டு மாசம், மிஸ். படகும் கிடைக்கேல்லை. செத்தால் நல்லம் எண்டு இருக்கு.”

கதிரையை இழுத்து அவளருகில் இருந்தேன். இருவரும் அழுதோம்.

“நாளைக்கு ஆஸ்பத்திரியில டொக்டரோட கதைப்பம். நானும் வாறன்.”

“இண்டைக்கு மட்டும்தானே மிஸ் உங்கட வகுப்பு?”

“நாளைக்கும் வருவன்.”

தனியே விடவேண்டாம் என்று சொல்லி, அவளை அவளுடைய அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று அனுப்பும் லீவுக் கடிதத்தில் ‘ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்’ என்று எழுதினால் பொய்யில்லைதானே? சொல்லுங்கள்.