எண்பது எழுத்துக்குள்

நீளமான வரியைக் கண்டால் எனக்கு ஆகாது. ஜார்ஜ் டவுனில் நான் வேலைக்குச் சேர்ந்த மென்பொருள் அலுவலகத்தில் என் மேலதிகாரி அக்காவுக்கும் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டினால் போதும். "என்ன தம்பி இது, பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட் வரைக்கும் போகுது லா! ஒடிச்சுப் போடுங்க" என்பார். என் வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். சொன்னபடி ஒடித்தேன்.

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் பதிவுப் பக்கம் ஒன்றை நடத்திவந்தோம். ஊழியர்கள் அதில் பெயர் கொடுப்பார்கள். டிரைவர் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்து ஏற்றிக்கொள்வார். என் மனைவிக்கு அங்கேதான் மதிய ஷிப்ட். ஒன்பது வருடம் ஒரே உற்பத்தி லைனில் நின்றவளுக்கு ஒரு நாள் மூன்று மணிக்கு லைன் லீடர் நேர்காணல். நீலச் சுடிதாரை முந்தின நாளே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தாள்.

அன்று காலை அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்தேன். பட்டியலைத் தரும் வரி, அடேங்கப்பா, நூற்றைம்பது எழுத்து இருக்கும்! தொடக்கத்தில் இருந்த 'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்குப் பின் என்டர் பொத்தானை ஒரு தட்டு தட்டி, மிச்சத்தைக் கீழே அழகாக அடுக்கினேன். சோதித்துப் பார்க்கவில்லை. வெறும் வரியை ஒடித்ததற்கெல்லாம் யார் சோதிப்பார்கள்? வெளியிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த மொழியில் வரியை எங்கெங்கோ ஒடிக்கலாம்; அந்தச் சொல்லுக்குப் பின் மட்டும் கூடாது. 'கொண்டு வா' என்று சொல்லி நாம் மூச்சு விடுவதற்குள், எதை என்று கேட்காமலே வெறுங்கையோடு திரும்பிவிடும் ஆள் அது. பட்டியல் வராததால் பக்கம் 'பயணிகள் இல்லை' என்று பணிவாகக் காட்டியது. டிரைவர் அண்ணனும் சந்தோஷமாகத் தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டரை மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தால் மனைவியின் தவறிய அழைப்பு ஏழு. திரும்ப அழைத்தேன். "ஏங்க, பஸ் வரல! மழை வேற, ஒரு காரும் கிடைக்கல!"

ஓடிப்போய் அந்த நிரலைத் திறந்தேன். இரண்டு வரிகளையும் ஒட்டிப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போய்ச் சேர மூன்றே முக்கால் ஆகிவிட்டது.

அக்கா என்னைப் பாராட்டினார். "சட்டுனு கண்டுபிடிச்சிட்டீங்க தம்பி, கெட்டிக்காரர் லா! யாரு ஒடிச்சதுன்னு தொழிற்சாலைக்காரங்களுக்கு எதுக்கு? 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு போட்டுடுங்க." போட்டேன்.

ஷிப்ட் முடிந்து இரவில் வீடு வந்த மனைவி அழுதுகொண்டிருந்தாள். பதவியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். "பஸ்ஸே வரலன்னு சொன்னேன், மத்தவங்க எப்படியோ வந்துட்டாங்கன்னு நம்பவே இல்ல. 'பஸ்ஸுக்கே நேரத்துக்கு வரத் தெரியல, லைனை எப்படிப் பார்ப்பே'ன்னு எல்லார் முன்னாடியும் சூப்பர்வைசர் கேட்டாருங்க."

வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நான்தான்மா. அந்தப் பக்கத்தைக் கெடுத்தது நான்தான்" என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ நீங்களே வந்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, என் மேல தப்பில்லைன்னு."

"வேலை நிரந்தரமாகட்டும், கண்டிப்பா சொல்றேன்."

அடுத்த மாதமே நிரந்தரமானது. நிரலை நேர்த்தியாக எழுதுபவர் என்று கடிதத்தில் தனியாக ஒரு பாராட்டும் இருந்தது. "எப்போ வர்றீங்க?" என்று தினமும் கேட்டாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. இப்போது கேட்பதே இல்லை.